தூங்கி எடுத்தேன்: பஷ்கீர் மொழியின் ‘அல்’ என்ற வினை

பஷ்கீர் மொழியில் மூன்றே சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம்: ‘மின் யொக்லாப் அல்தும்’. அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதினால் ‘நான் தூங்கி எடுத்தேன்’ என்று வருகிறது. தூங்கியவர் எதை எடுத்தார்? எங்கிருந்து எடுத்தார்? எதையும் எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றே கண்ணயர்ந்து எழுந்தவர் ‘ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்’ என்று சொல்வோம் அல்லவா, அதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். நாம் தூக்கத்தைப் போடுகிறோம், அவர்கள் எடுக்கிறார்கள். எங்கே போட்டீர்கள் என்று ஒரு பஷ்கீர்காரர் நம்மைக் கேட்டால் நம்மிடமும் பதில் இல்லை.

அந்த ‘அல்தும்’ என்பதன் வேர் ‘அல்’. துருக்கி, கஸக், பஷ்கீர் முதலிய மொழிகள் அடங்கிய துருக்கிய மொழிக் குடும்பம் முழுவதிலும் மிகப் பழையதும் மிக அதிகமாகப் புழங்குவதுமான வினைகளில் ஒன்று. இதைப் பற்றி இணையத்தில் அள்ளித் தெளிக்கப்படும் கருத்துகள் ஏராளம். ‘அல் என்றால் எடு, அவ்வளவுதான்’ என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். ஆப்பிளுக்கு அங்கே ‘அல்மா’ என்று பெயர், அது ‘எடுக்காதே’ என்பதிலிருந்து வந்தது என்று கதை சொல்பவர்கள் உண்டு. நம் பக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், ‘அல்’ என்பது தமிழின் ‘அள்’தான், ஆகவே துருக்கியும் தமிழும் ஒரே குடும்பம் என்று முடிவுகட்டுபவர்களும் இருக்கிறார்கள். மூன்றையும் இந்த ஒரே வினையை வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

எந்த ஊர், எந்த மொழி

ரஷ்யாவில், ஊரல் மலைத்தொடரின் தெற்குப் பகுதியில் பஷ்கோர்தொஸ்தான் என்ற குடியரசு இருக்கிறது. தலைநகர் ஊஃபா. 2010-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி பஷ்கீர் மொழி பேசுவோர் சுமார் 11.5 லட்சம் பேர். துருக்கிய மொழிகளில் கிப்சாக் என்ற கிளையைச் சேர்ந்தது. தாத்தார் மொழி இதற்கு உடன்பிறப்பு, கஸக் மொழி சற்றுத் தள்ளிய சொந்தம். முன்பு அரபு எழுத்தில் எழுதினார்கள், சிறிது காலம் லத்தீன் எழுத்தில் எழுதினார்கள், 1940 வாக்கில் சிரிலிக் எழுத்துக்கு மாறினார்கள். ஒரு தாத்தாவும் மகனும் பேரனும் மூன்று வெவ்வேறு எழுத்துகளில் பள்ளிப்பாடம் படித்திருக்கக்கூடிய குடும்பங்கள் அவை.

இங்கே பஷ்கீர் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஓசையில் நமக்கு இரண்டு வசதிகள் உண்டு. ‘அது’ என்று சொல்லும்போது நம் நாக்கில் வரும் மெல்லிய தகரம் பஷ்கீர் மொழியிலும் உண்டு. அதற்கென்று தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள். அதே ‘அது’வின் கடைசியில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரம் இருக்கிறதே, அதற்கு மிக நெருக்கமான உயிரும் அவர்களிடம் இருக்கிறது. ‘அல்தும்’ என்பதில் ‘து’வின் உகரத்தை அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

வேரும் ஒட்டும்

‘அல்’ என்று மட்டும் சொன்னால் ‘எடு’ என்ற ஏவல். அகராதியில் இந்த வினையை ‘அலுவ்’ என்று பதிந்திருப்பார்கள். ‘எடுத்தல்’ என்ற தொழிற்பெயர் அது. மற்றவை எல்லாம் வேரின் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். ‘அல்தும்’ எடுத்தேன். ‘அல்துக்’ எடுத்தோம். ‘அலாம்’ எடுக்கிறேன். இப்படி வேர் சிதையாமல் நிற்க, பொருளுக்கொரு துண்டாக விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும் மொழியை ஒட்டுநிலை மொழி என்பார்கள். தமிழும் அந்த வகைதான் என்பதால் இதில் நமக்கு வியப்பு ஒன்றுமில்லை.

எதிர்மறைக்கு ‘மா’ என்ற துண்டு. ‘அல்மா’ என்றால் ‘எடுக்காதே’. ஆப்பிளுக்கும் ‘அல்மா’தான். ‘ஆப்பிளை எடுக்காதே’ என்பதை ‘அல்மானு அல்மா’ என்று சொல்ல வேண்டும். குழம்பமாட்டார்களா என்றால், மாட்டார்கள். ஆப்பிளில் அழுத்தம் கடைசி அசையில் விழும். எடுக்காதே என்பதில் முதல் அசையில் விழும். பஷ்கீர் மொழியில் பொதுவாகவே அழுத்தம் கடைசியில்தான், ஆனால் எதிர்மறைத் துண்டு அந்த அழுத்தத்தைத் தனக்கு முன்னால் தள்ளிவிடும். காதுக்கு அது போதும்.

சரி, ஏதேன் தோட்டத்தை நினைவுபடுத்தும் அந்தக் கதை? எடுக்காதே என்று சொல்லப்பட்ட கனி, ஆகவே அல்மா? சொல்வதற்கு அழகாக இருக்கிறது, நிற்காது. 11-ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி பாக்தாதில் தொகுத்த துருக்கிய மொழி அகராதியில் ஆப்பிளுக்கு ‘அல்மிலா’ என்பது போன்ற நீண்ட வடிவம் இருக்கிறது. கடைசி அசை பின்னால் உதிர்ந்திருக்கிறது. உதிர்ந்த பிறகுதான் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கின. ஹங்கேரிய மொழியில் ஆப்பிளுக்கு ‘அல்மா’ என்று இருப்பதும் துருக்கிய மொழியிலிருந்து கடன் வாங்கியதுதான். அங்கே ‘எடுக்காதே’ என்று யாருக்கும் கேட்காது.

இதுவரை பார்த்தது: வேர் ‘அல்’, அதன் பின்னால் காலமும், ‘நான்’, ‘நாம்’ என்று ஆளைக் காட்டும் இடமும், எதிர்மறையும் ஒட்டும். ஒரே ஓசையில் இரண்டு சொற்கள் இருப்பதால் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகிவிடாது.

ஒரு கை, பல வேலை

இனிப் பொருள்களுக்கு வரலாம். இந்த வினையின் எல்லாப் பொருள்களுக்கும் அடியில் ஒரே ஓர் அசைவு இருக்கிறது: கை நீள்கிறது, எதையோ பற்றுகிறது, தன் பக்கம் திரும்புகிறது. அந்தக் கடைசிப் பகுதி, தன் பக்கம் திரும்புவது, மிக முக்கியம். அதை மறந்தால் பாதிப் பயன்பாடுகள் புரியாது.

மேசைமேல் இருக்கும் புத்தகத்தை எடுப்பது ‘அலுவ்’. தபாலில் கடிதம் வந்து சேர்ந்தால் அதைப் பெறுவதும் ‘அலுவ்’. சம்பளம் வாங்குவது, பரிசு பெறுவது எல்லாம் இதே வினை. கல்வி கற்பதை ‘பெலெம் அலுவ்’ என்பார்கள். பெலெம் என்றால் அறிவு. மூச்சு விடுவதற்கு ‘துன் அலுவ்’. தமிழில் மூச்சை விடுகிறோம், வாங்கவும் செய்கிறோம், அவர்கள் எடுக்கிறார்கள். பழிவாங்குவதற்கும் இதே வினை. நாமும் பழியை ‘வாங்க’த்தான் செய்கிறோம் என்பதைக் கவனியுங்கள். ஒருவரைக் கைது செய்தால் ‘குல்கா அலுவ்’, கைக்குள் எடுத்தல். ஒருவர் பெயரைப் பேச்சில் குறிப்பிட்டால் ‘தெல்கே அலுவ்’, நாக்குக்கு எடுத்தல். முடிவெட்டிக்கொள்வதற்கு, பிறரைக் கொண்டு செய்விக்கும் ‘அல்துருவ்’ என்ற பிறவினை வடிவம். நாவிதரிடம் முடி ‘எடுக்க’ப் போகும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் மாதத்தில் பஷ்கீர் கிராமங்களில் ‘கர்த்துஃப் அலுவ்’ நடக்கும். கர்த்துஃப் என்பது ரஷ்ய மொழி வழியாக வந்த உருளைக்கிழங்கு. மண்ணைக் கிளறிக் கிழங்கு எடுக்கிற வேலை. நாமும் ‘கிழங்கு எடுக்கிறோம்’ என்றே சொல்கிறோம்.

இதைவிட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு தேன். பஷ்கோர்தொஸ்தானின் தென்கிழக்கில் புர்ஸியான் என்ற மலைக்காட்டு வட்டாரம் இருக்கிறது. அங்கே இன்றும் உயிருள்ள மரத்தின் தண்டில், ஆள் உயரத்துக்குப் பல மடங்கு மேலே, பொந்து குடைந்து காட்டுத் தேனீக்களைக் குடியேற்றுகிறார்கள். அந்தப் பொந்துக்கு ‘சொலொக்’ என்று பெயர். தேன் எடுப்பவர் தோலால் பின்னிய நீண்ட வாரை மரத்தையும் தன் இடுப்பையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, அதில் சாய்ந்தபடியே படிப்படியாக ஏறுவார். ஆண்டுக்கு ஒருமுறைதான் தேன் எடுப்பது. அப்போதும் குளிர்காலத்துக்குத் தேனீக்கள் உண்ண ஒரு பங்கை விட்டுவைப்பார்கள். தேனுக்கு ‘பால்’ என்று பெயர். ஆக, அந்த உயரத்தில் தொங்கிக்கொண்டு அவர் செய்யும் வேலை ‘பால் அலுவ்’. தமிழர் ஒருவர் கீழே நின்று கேட்டால் பால் கறக்க ஏன் மரம் ஏறுகிறார் என்று திகைக்கலாம்.

கடையில் வாங்குவதற்கு வருவோம். சூழல் தெளிவாக இருந்தால் வெறும் ‘அல்தும்’ போதும். காசு கொடுத்து வாங்கியதை அழுத்திச் சொல்ல ‘ஹத்துப் அலுவ்’ என்பார்கள். ‘ஹத்துப்’ என்றால் ‘விற்று’. விற்று எடுத்தல்! வாங்குகிறவர் எதை விற்றார் என்று கேட்கத் தோன்றும். இங்கே ‘விற்று’ என்பது வணிகம் நடந்தது என்பதை மட்டும் குறிக்கிறது. வணிகத்தின் வழியாக எடுத்தார் என்று பொருள். தமிழில் ‘வாங்கினேன்’ என்றால் சும்மா கொடுத்ததை வாங்கினீர்களா, காசுக்கு வாங்கினீர்களா என்ற சந்தேகம் வரக்கூடும் என்பதால் ‘விலைக்கு வாங்கினேன்’ என்கிறோம். அதே தேவைக்கு அவர்கள் கண்ட வழி இது. வாணிகத்துக்கே ‘ஹத்துவ்-அலுவ்’, விற்றல்-எடுத்தல், என்று பெயர். துருக்கியில் கடைக்குப் போவதை ‘அலுஷ்வெரிஷ்’ என்பார்கள்: எடுப்பதும் கொடுப்பதும். நம்முடைய ‘கொடுக்கல் வாங்கல்’ இதன் தலைகீழ் வரிசை.

கல்யாணத்திலும் இந்த வினை நுழைகிறது. மணமகன் வீட்டார் பெண் ‘எடுக்கிறார்கள்’. பெண் வீட்டார் ‘கொடுக்கிறார்கள்’. பெண்ணே பேசினால் வேறு வினை வரும்: ‘கணவனிடம் வெளியேறுதல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கத்தக்க தொடர். யார் எடுப்பவர், யார் எடுக்கப்படுபவர் என்பதை மொழி ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. ‘அந்த ஊரில்தான் பெண் எடுத்தோம்’ என்று பேசும் நாம் இதைப் பார்த்து முகம் சுளிக்க இடமில்லை.

இத்தனைக்கும் அகராதியில் பதினைந்து இருபது எண்ணிட்ட பொருள்கள் இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்வது வீண் வேலை. கை, பற்று, தன் பக்கம்: இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலானவை தாமே விளங்கும்.

தூங்கி எடுத்தவர் எதை எடுத்தார்

மேலே சொன்னவை எல்லாம் ‘அல்’ முதன்மை வினையாக வரும் இடங்கள். இது துணைவினையாகவும் வரும். துணைவினை என்பது தன் சொந்தப் பொருளைப் பெரும்பாலும் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் வரும் இன்னொரு வினைக்கு ஒரு சாயல் மட்டும் தருவது. ‘விழுந்துவிட்டான்’ என்பதில் யாரும் எதையும் விடவில்லை. ‘விடு’ அங்கே துணைவினை.

முன்னால் வரும் வினை எந்த வடிவத்தில் வரும்? வினையெச்சமாக. ‘எழுதி’, ‘எழுத’ என்பவைபோல முற்றுப்பெறாமல் அடுத்த வினையை எதிர்பார்த்து நிற்கும் வடிவம்தான் வினையெச்சம். பஷ்கீர் மொழியில் இதற்கு இரண்டு விகுதிகள் முக்கியம். எழுதுதலை எடுத்துக்கொள்வோம். ‘யாதுப்’ என்பது ஏறக்குறைய நம் ‘எழுதி’. ‘யாதா’ என்பது இன்னொரு வகை. ‘அல்’ இரண்டின் பின்னாலும் வரும். ஆனால் இரண்டு இடத்திலும் வேறு வேறு ஆள்போல நடந்துகொள்ளும்.

முதலில் ‘யாதுப் அல்தும்’. சொல்லுக்குச் சொல், எழுதி எடுத்தேன். பொருள்: எனக்குத் தேவைப்படும் என்று குறித்துக்கொண்டேன். இங்கே ‘எடு’ என்று பெயர்த்துக்கொண்டிருந்தால் திணறுவோம். ‘கொள்’ என்று போட்டுப் பாருங்கள், பூட்டு திறந்துவிடும். எழுதிக்கொண்டேன். கேட்டுக்கொண்டேன். பிடித்துக்கொண்டேன். செயலின் பலன் செய்தவர் பக்கமே திரும்புகிறது என்ற சாயலைத் தமிழில் ‘கொள்’ தருகிறது. பஷ்கீரில் ‘அல்’ தருகிறது. கை தன் பக்கம் திரும்பியது என்று சொன்னேனே, அந்த அசைவின் எச்சம் இது.

‘கொள்’ என்பதற்கும் பழைய பொருள் எடுப்பதும் வாங்குவதும்தான். கொள்முதல் என்றால் விலைக்கு வாங்குதல். கொள்ளளவு என்றால் உள்ளே எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்ற அளவு. கொண்டான் என்றால் பெண்ணைக் கொண்டவன், கணவன். கொள்வினை கொடுப்பினை என்று சம்பந்தம் பேசுகிறோம். கொள்ளையும் அதே வேரில் பிறந்ததுதான். ‘அல்’ செய்யும் வேலைகளின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அச்சு அசலாக நிற்பது ‘எடு’ அல்ல, ‘கொள்’. தமிழர் ஒருவர் பஷ்கீர் படிக்க உட்கார்ந்தால் முதல் நாளே ஆசிரியர் சொல்ல வேண்டிய செய்தி இதுதான் என்பேன்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்று ‘கொள்’ தொடர்ச்சியையும் காட்டும். பஷ்கீர் ‘அல்’ அதைச் செய்யாது. அதற்குப் படுத்தல், நிற்றல் முதலிய வேறு வினைகள் இருக்கின்றன. மாறாக, உண்ணுதல், தூங்குதல், சிரித்தல் போன்ற வினைகளோடு ‘அல்’ சேர்ந்தால் ‘கொஞ்ச நேரம், கிடைத்த இடைவெளியில், எனக்கென்று’ என்ற பொருள் வருகிறது. நாள் முழுவதும் இருக்கும் வேலைகளுக்கு நடுவே ஒரு துண்டு நேரத்தைப் பிய்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுபோல. ‘யொக்லாப் அல்தும்’ என்றவர் எடுத்தது அந்தத் துண்டைத்தான்.

எடுக்க முடிந்தால் எல்லாம் முடியும்

அடுத்தது ‘யாதா அலாம்’. ‘யாதுப்’ போய் ‘யாதா’ வந்திருக்கிறது, அவ்வளவே. பொருள் முற்றிலும் வேறு: என்னால் எழுத முடியும். ‘கிலே அல்மாயும்’ என்றால் என்னால் வர முடியாது. ‘அல்’ இங்கே ஆற்றலைக் குறிக்கும் துணைவினை.

எடுப்பது எப்படி ‘முடியும்’ ஆனது? கைக்கு எட்டிற்று, கிட்டிற்று, ஆகவே இயன்றது என்று பொருள் நகர்ந்திருக்க வேண்டும். விசித்திரம் என்று நினைப்பவர்கள் தமிழைப் பார்க்கட்டும். ‘முடியும்’ என்பதே ‘முடி’, அதாவது நிறைவுக்கு வா என்ற வினையிலிருந்து வந்ததுதான். ‘படம் முடிந்தது’ என்பதில் இருக்கும் அதே முடி. துருக்கி மொழியில் ‘எழுத முடியும்’ என்பதை ‘அறி’ என்ற வினையைச் சேர்த்துச் சொல்கிறார்கள், எழுத அறிவேன். மூன்று மொழிகள், மூன்று வாசல்கள்: ஒன்று முடித்து, ஒன்று அறிந்து, ஒன்று எடுத்து ஆற்றலுக்குள் நுழைந்திருக்கிறது.

இப்படி ஒரு முழுச் சொல் நாளடைவில் தேய்ந்து இலக்கணக் கருவியாக மாறுவதை மொழியியலில் இலக்கணமாதல் என்பார்கள். தேய்மானத்தின் படிகள் துருக்கிய மொழிகளில் அருகருகே கிடைக்கின்றன. பஷ்கீரிலும் கஸக்கிலும் இன்னும் இரண்டு தனிச் சொற்களாக எழுதுகிறார்கள். உய்குர் மொழியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ‘யஸாலா’ என்பதுபோல ஒரே சொல்லாகிவிட்டது. அங்கே ‘அல்’ வினை என்பதைவிட விகுதி என்றே தோன்றும்.

இரண்டு ‘அல்’களும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும்போதுதான் வேடிக்கை. அழகான ஒன்றைப் பார்த்துக் ‘கண்ணை எடுக்க முடியவில்லை’ என்று தமிழில் சொல்கிறோம். பஷ்கீரிலும் அதே வழக்கு உண்டு. கண் என்ற சொல்லுக்குப் பிறகு ‘அலா அல்மானும்’ என்று வரும். முதல் ‘அல்’ எடுக்கிறது, இரண்டாவது ‘அல்’ முடியவில்லை என்கிறது. யாருக்கும் உறுத்துவதில்லை. ‘விட்டுவிட்டேன்’ என்று நாம் சொல்லும்போது ‘விடு’ இரண்டு முறை வருவது நமக்கு உறுத்துகிறதா?

ஆக, ‘யாதுப்’ போன்ற எச்சத்தின் பின்னால் ‘அல்’ வந்தால் ‘கொள்’. ‘யாதா’ போன்ற எச்சத்தின் பின்னால் வந்தால் ‘முடியும்’. எந்த எச்சமும் இல்லாமல் பெயர்ச்சொல்லோடு வந்தால் எடு, வாங்கு, பெறு.

கல்லில் வெட்டிய ‘அல்தும்’

இந்த வினை எவ்வளவு பழையது? மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றுச் சமவெளியில் 8-ஆம் நூற்றாண்டுத் துருக்கியக் கல்வெட்டுகள் நிற்கின்றன. குல் தெகின் என்ற இளவரசனுக்காக 732-இல் ஒன்று, அவன் அண்ணன் பில்கே ககானுக்காக 735-இல் ஒன்று. அந்த எழுத்தை 1893-இல் டென்மார்க் மொழியியலாளர் வில்ஹெல்ம் தாம்சன் படித்தறிந்தார். பில்கே ககானின் கல்வெட்டில் அவன் தன் பதினேழாவது வயதுப் போரைச் சொல்கிறான். தங்குத் மக்கள்மீது படையெடுத்ததாகவும், அவர்களுடைய பிள்ளைகளையும் மனைவியரையும் குதிரைகளையும் உடைமைகளையும் கைக்கொண்டதாகவும் சொல்லி முடிக்கும் இடத்தில் நிற்கும் சொற்கள்: ‘அந்தா அல்தும்’. அங்கே எடுத்தேன்.

அதே ‘அல்தும்’. வேரும் இறந்தகாலத் துண்டும் ‘நான்’ என்பதைக் காட்டும் மகரமும் அப்படியே. 1,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னன் கொள்ளையிட்டதைப் பெருமையாகச் சொன்ன சொல்லால்தான் இன்று ஊஃபாவில் ஒருவர் மதியத் தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறார். கல்வெட்டு மொழி பஷ்கீரின் நேரடித் தாய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்தின் மூத்த பெரியம்மா என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தியும் அந்தக் கற்களிலேயே இருக்கிறது. குல் தெகின் கல்வெட்டில் ஒரு புகழ்பெற்ற கேள்வி வருகிறது: மேலே வானம் இடிந்து விழாமல், கீழே பூமி பிளவாமல் இருக்கையில், துருக்கிய மக்களே, உங்கள் அரசையும் நெறியையும் யாரால் அழிக்க முடியும்? இந்த ‘முடியும்’ என்ற இடத்தில் ‘அல்’ இல்லை. ‘உ’ என்ற ஓரெழுத்து வினை இருக்கிறது. அதாவது 8-ஆம் நூற்றாண்டில் ஆற்றலைச் சொல்ல ‘உ’ என்ற வினை உட்கார்ந்திருந்த நாற்காலியில், பிற்காலத்தில் கிப்சாக் மொழிகளிலும் அவற்றின் அண்டை மொழிகள் சிலவற்றிலும் ‘அல்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘உ’ முழுவதும் ஒழிந்துவிடவும் இல்லை. துருக்கி மொழியில் ‘என்னால் எழுத முடியாது’ என்பதற்கு ‘யஸாமாம்’ என்கிறார்கள். நடுவில் வரும் அந்த ஆகாரத்துக்குள் பழைய ‘உ’ கரைந்து கிடக்கிறது என்கிறார்கள் மொழி வரலாற்றாளர்கள்.

கல்வெட்டுக்கும் முன்னால்

எழுத்துச் சான்று 8-ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் போக ஒரே வழி, சொந்தக்கார மொழிகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பது. தாத்தார், கஸக், கிர்கிஸ், துருக்கி எல்லாவற்றிலும் ‘அல்’. உஸ்பெக்கில் ‘ஒல்’. சைபீரியாவின் வடகிழக்கில் பேசப்படும் யாக்குத் மொழியில் முதல் உயிர் குற்றியலுகரம்போல ஒலிக்கும் ‘உல்’. வோல்கா ஆற்றங்கரையின் சுவாஷ் மொழியில் ‘இல்’. சுவாஷ் மொழியின் கிளை மற்ற எல்லாக் கிளைகளிலிருந்தும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்ததாகக் கருதப்படுகிறது. பிரிந்துபோன தம்பியின் வீட்டிலும் இந்தச் சொல் இருக்கிறது என்றால், பாகப்பிரிவினைக்கு முன்பே கூட்டுக் குடும்பத்தில் இருந்த சொத்து என்று பொருள். இப்படி மகள் மொழிகளை ஒப்பிட்டு ஊகித்து அமைக்கும் தாய்மொழிக்கு மூலமொழி என்று பெயர். மூலத் துருக்கிய வடிவமாக அறிஞர்கள் வைப்பதும் ‘அல்’தான்.

உயிர் மாறியிருக்கிறதே, எதை வைத்து ஒரே சொல் என்கிறோம்? மாற்றம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதே சோதனை. மற்ற மொழிகளில் சகரத்தில் தொடங்கும் சொல் பஷ்கீரில் ஹகரத்தில் தொடங்கும். தாத்தார் ‘சத்’ என்றால் பஷ்கீர் ‘ஹத்’, அதுதான் மேலே பார்த்த விற்றல். ஒரு சொல்லில் மட்டும் நடந்தால் அது தற்செயல். சொல்லுக்குச் சொல் தொடர்ந்து நடந்தால் அது உறவு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் பயனில்லை. உஸ்பெக்கில் ‘ஒல்’ என்றால் எடு. துருக்கியில் ‘ஒல்’ என்றால் ஆகு. ஓசை ஒன்று, சொல் வேறு.

இந்தச் சோதனையைத்தான் ‘அள்–அல்’ ஆர்வலர்கள் தவிர்க்கிறார்கள். தமிழ் ‘அள்’ளுக்கும் துருக்கிய ‘அல்’லுக்கும் ஓசையும் ஒட்டுகிறது, பொருளும் கிட்டத்தட்ட ஒட்டுகிறது; உண்மைதான். இரண்டே ஒலி கொண்ட வேர்களில் இப்படி ஒத்துப்போவது உலகத்தில் எந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவே நாலைந்தாவது கிடைக்கும். தமிழ்ச் சொற்களும் துருக்கியச் சொற்களும் ஒழுங்கான ஓசை விதிகளால் வரிசை வரிசையாக இணைகின்றன என்று யாரும் ஏற்கத்தக்கபடி நிறுவியதில்லை. ‘கொள்’ளும் ‘அல்’லும் ஒரே வேலைகளைச் செய்வதோ இன்னும் சுவையான ஒற்றுமை, ஏனென்றால் அங்கே ஓசையில் ஒட்டே இல்லை. வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து, எச்சத்தின் பின்னால் துணைவினையை அடுக்கும் இரண்டு மொழிகளில், அன்றாடம் கையில் புழங்கும் ஒரு வினை தனித்தனியாக ஒரே தடத்தில் தேய்ந்திருக்கிறது. மனிதக் கை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் மடங்குகிறது.

கொண்டா

கடைசியாக ஒரு தொடர். பஷ்கீரில் ‘அலுப் கில்’ என்றால் எடுத்து வா, அதாவது கொண்டு வா. ‘அலுப் பாருவ்’ கொண்டு செல்லுதல். அதிலிருந்து வந்த ‘அலுப் பாருவ்சு’, கொண்டுசெல்பவர், என்ற சொல்லை வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்குபவருக்கு வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவர். தொகுப்பாளர் என்ற நம் சொல்லைவிட எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது.

இந்த ‘அலுப் கில்’ அடிக்கடி வாயில் புரளும் தொடர் என்பதால் வேகமாகத் தேய்வது. பக்கத்து வீட்டுக் கஸக் மொழியில் ‘அலுப் கெல்’ என்ற இரண்டு சொற்களும் உருகி ‘அகெல்’ என்ற ஒரே சொல்லாகி, அகராதியிலும் தனி வினையாக ஏறிவிட்டது. அதற்குள் ‘அல்’ எங்கே என்று தேடினால் ஒற்றை உயிர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாமும் எழுதும்போது ‘கொண்டு வா’ என்று இரண்டு சொல்லாக எழுதிவிட்டு, வீட்டுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்கும்போது ‘கொண்டா’ என்கிறோம். கஸக்கில் கரைந்தது எடுக்கும் வினையின் லகரம். ‘கொண்டா’வில் கரைந்தது வரும் வினையின் வகரம்.